ரீமேப் முடிந்தது, கிளட்ச் நழுவுகிறது: அடுத்து எதை மாட்டுவது?

டீசல் போலோ, வென்டோ, பழைய ஸ்கோடா லாரா. இவற்றை ரீமேப் செய்துவிட்டு (என்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டிவிட்டு) வருகிறவர்கள் சில மாதங்களில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். நான்காவது கியரில் அழுத்தி மிதித்தால் ஆர்பிஎம் காட்டும் டாக்கோமீட்டர் முள் துள்ளி ஏறுகிறது, வண்டி மட்டும் வேகம் பிடிக்கவில்லை, ஜன்னலைத் திறந்தால் கருகின வாசனை. இப்போது கம்பெனி கிளட்சையே திரும்பப் போடுவதா, அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட்டா, கெவ்லாரா, செராமிக்கா, ஒரேயடியாக ட்வின் பிளேட்டா?

இந்தக் கேள்விக்கு நான் ஒருமுறை தப்பான விடையைத் தேர்ந்தெடுத்து, ஏழு மாதத்தில் கியர்பாக்ஸை இரண்டாம் முறை இறக்கியவன். அதனால் இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: தேவைக்கு மேல் ஒரு படிகூட வாங்காதீர்கள். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

## வாங்கும் முன்: நழுவுவது ஏன்?

இந்தியாவில் ஃபோக்ஸ்வேகன் டீசல் கார்களை 2020 ஏப்ரலில், பிஎஸ்6 புகை விதி வந்ததோடு நிறுத்திக்கொண்டது. ஆக, இன்று ரீமேப்புக்கு வரும் எந்த போலோ டீசலும் புதிய வண்டி அல்ல. பாதி தேய்ந்த பிளேட்டின் மேல் (என்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீலுக்கும் அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே இருக்கும் உராய்வுத் தட்டு அது) ரீமேப் போட்டால் நழுவத்தான் செய்யும். அது கம்பெனி கிளட்ச் போதாது என்பதற்குச் சாட்சியாகாது.

இன்னொன்று, கிராங்க் பின்பக்க ஆயில் சீல். அது கசிந்து பிளேட்டில் எண்ணெய் பட்டிருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கிளட்சும் நழுவும். கிளட்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் அடிப்பக்கம் எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

சோதிக்கும் முறை எளிது. காலியான சமதளச் சாலையில் நான்காவது அல்லது ஐந்தாவது கியரில் 1,800 ஆர்பிஎம்மில் உருட்டிக்கொண்டு போய் முழுசாக மிதியுங்கள். முள்ளும் ஸ்பீடோமீட்டரும் சேர்ந்து ஏறினால் கிளட்ச் பிடிக்கிறது. முள் மட்டும் முந்தினால் நழுவுகிறது. ஓரிரு முறைக்கு மேல் இதைச் செய்ய வேண்டாம். ஒவ்வொரு முறையும் பிளேட் சூடேறித் தேய்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது

பிஎஸ் (குதிரைத்திறன்) அல்ல, டார்க் (சுழற்றும் விசை). இதைத்தான் முதலில் மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ரீமேப் செய்த டீசல் 4,000 ஆர்பிஎம்மில் 140 பிஎஸ் தருகிறது என்றால், அந்த நேரத்தில் கிளட்ச் தாங்குவது சுமார் 246 நியூட்டன் மீட்டர்தான். அதே என்ஜின் 2,000 ஆர்பிஎம்மில் 330 நியூட்டன் மீட்டர் தந்தால், சக்தி வெறும் 94 பிஎஸ். கிளட்சுக்கோ அதுதான் உயிர் போகும் நேரம். டீசல்கள் மேல் ஆர்பிஎம்மில் நழுவாமல் கீழே நழுவுவதற்குக் காரணம் இதுதான். “150 பிஎஸ்ஸுக்கு எந்த கிளட்ச்?” என்று கேட்டால் விடை கிடைக்காது. டைனோ (என்ஜினின் சக்தியை அளக்கும் கருவி) வரைபடத்தில் டார்க்கின் உச்சம் எவ்வளவு, எந்த ஆர்பிஎம்மில் என்று பாருங்கள்.

தாங்கும் திறன். ஒரு கிளட்ச் எவ்வளவு டார்க் கடத்தும் என்பது நான்கு எண்களின் பெருக்கல்: உராய்வுக் கெழு, பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, பிளேட்டின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. ஒரு மாதிரிக் கணக்கு. வெளிவிட்டம் 228 மி.மீ., உள்விட்டம் 150 மி.மீ. கொண்ட பிளேட்டின் சராசரி ஆரம் 94.5 மி.மீ. கம்பெனி கிளட்சுகளில் வழக்கமாக வரும் ஆர்கானிக் லைனிங்கின் உராய்வு 0.3, அழுத்தும் விசை 6,000 நியூட்டன், முகங்கள் இரண்டு. பெருக்கினால் 340 நியூட்டன் மீட்டர் வருகிறது. கம்பெனி என்ஜின் 250 தருகிறது என்றால் கையிருப்பு மூன்றில் ஒரு பங்கு. ரீமேப்பில் 330 ஆனதும் அந்தக் கையிருப்பு போயே போச்சு. வண்டி அன்று நழுவாது. பிளேட் சூடேறிய ஒரு நாளிலோ கொஞ்சம் தேய்ந்த பிறகோ நழுவும். “போட்ட முதல் மாசம் நன்றாகத்தானே இருந்தது” என்று பலர் சொல்வது இதனால்தான்.

என் அளவுகோல்: உச்ச டார்க்குக்கு மேல் 20 முதல் 30 சதவீதம் கையிருப்பு போதும். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு படிக்கும் உங்கள் முழங்காலும் கியர்பாக்ஸும் விலை கொடுக்கும்.

சூடு. 1,300 கிலோ வண்டியை பத்துக்கு ஒன்று சரிவில் ஹாஃப் கிளட்சிலேயே பிடித்து நிறுத்தினால், 1,200 ஆர்பிஎம்மில் பிளேட்டில் ஏறக்குறைய நான்கு கிலோவாட் வெப்பம் பிறக்கிறது. நான்கு இஸ்திரிப் பெட்டிகளை ஒரு தட்டின் மேல் வைத்தது மாதிரி. ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி, கொல்லிமலைக்கு 70. முன்னால் ஒரு பஸ் நின்று நின்று ஏறினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

கால். டயஃப்ரம் வகை பிரஷர் பிளேட்டில் அழுத்தும் விசையைக் கூட்டினால் பெடலும் ஏறக்குறைய அதே அளவு கனக்கும். அந்தக் கூடுதல் விசை உங்கள் காலோடு முடிவதில்லை. ரிலீஸ் பேரிங், ஸ்லேவ் சிலிண்டர், கடைசியில் கிராங்க்கின் த்ரஸ்ட் பேரிங் வரை போகிறது.

பின்னால் இருப்பது. ஃபோக்ஸ்வேகன் கியர்பாக்ஸ்களில் எம்க்யூ200, எம்க்யூ250, எம்க்யூ350 என்று இருக்கும் எண், அது தாங்கும் டார்க்கைத் தோராயமாகச் சொல்வது. நழுவாத கிளட்சைப் போட்டால் அதிர்ச்சி முழுவதும் கியர் பற்களுக்கும் டிரைவ் ஷாஃப்டுக்கும் போகும். வீட்டு மெயின் போர்டில் ஃபியூஸ் கம்பிக்குப் பதில் ஆணியைச் சொருகுவது போல. கிளட்ச் கொஞ்சம் நழுவுவது சில நேரம் நல்லதுதான்.

(இதெல்லாம் மேனுவல் கியர் வண்டிகளுக்கு. ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக்கான டிக்யூ200-இல் இருப்பது 250 நியூட்டன் மீட்டருக்கென்று செய்த உலர் இரட்டைக் கிளட்ச். அது வேறு கதை.)

## பூஜ்யமாவது வழி: ட்யூனைக் குறைத்து, கம்பெனி கிளட்ச்

யாரும் முதலில் சொல்லாத வழி இது. விற்க ஒன்றும் இல்லாததால் இருக்கலாம். ரீமேப் செய்த ட்யூனரிடம் போய், “1,800-இல் வரும் டார்க் உச்சத்தை 2,300-க்குத் தள்ளி, 290-300-இல் நிறுத்துங்கள், மேல் பக்கம் சக்தியை அப்படியே விடுங்கள்” என்று கேளுங்கள். உச்ச பிஎஸ் குறையாது. கீழே முதுகில் தள்ளும் அந்த உதை மட்டும் கொஞ்சம் மென்மையாகும். புதிய கம்பெனி கிளட்ச் செட்டோடு இதைச் சேர்த்தால், மேலே போட்ட மாதிரிக் கணக்கின்படி பத்து, பதினைந்து சதவீதக் கையிருப்பு மிஞ்சும். ஓஎம்ஆரில் தினம் ஊர்ந்து போகிறவருக்கு, நிதானமாக மிதித்தால், அது போதும்.

கம்பெனி செட் எளிதாகக் கிடைக்கும் என்பது கூடுதல் வசதி. லூக் நிறுவனம் ஓசூரிலேயே கிளட்ச் தயாரிக்கிறது. நடுவழியில் நின்றாலும் பக்கத்து ஊர் ஸ்பேர் கடையில் பொருள் கிடைக்கும் என்ற நிம்மதிக்கு விலை உண்டு. பொருந்தாத இடம்: டார்க் உச்சத்தைக் குறைக்க மனசே வராதவர், அடிக்கடி ஆள் ஏற்றி மலை ஏறுகிறவர்.

## ஒன்று: அண்ணன் வண்டியின் கிளட்ச்

அதே குடும்பத்தில் பெரிய என்ஜினுக்குச் செய்த கிளட்சைச் சின்ன வண்டிக்கு மாட்டுவது. 1.8 டர்போ என்ஜின் வந்த பழைய ஸ்கோடா ஆக்டேவியா வகையறாவில், ஃபோக்ஸ்வேகனின் ஜி60 என்ஜினுடைய ஃப்ளைவீலும் விஆர்6 என்ஜினுடைய கிளட்சும் போடுவது உலகம் முழுக்கப் பழகிய வழி. கம்பெனித் தரம், ஆர்கானிக் லைனிங், நியாயமான பெடல் என்று எல்லாம் கிடைக்கும்.

ஆனால் எல்லா வண்டிக்கும் இப்படி ஒரு அண்ணன் இல்லை. ஸ்ப்லைன் (தட்டு கோத்துக்கொள்ளும் ஷாஃப்டின் பற்கள்) எண்ணிக்கை, ஃப்ளைவீல் உயரம், ஸ்டார்டர் பல் எல்லாம் ஒத்துவர வேண்டும். முன்பே செய்து ஓட்டிக்கொண்டிருக்கும் ஒருவரின் பார்ட் நம்பர் கையில் இல்லாமல் இறங்காதீர்கள். இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இதுதான் நல்லது.

## இரண்டு: அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட், ஆர்கானிக் தட்டு

கடைகளில் ‘ஸ்டேஜ் 1’ என்று சொல்வது இதைத்தான். (ஸ்டேஜ் எண்களுக்குப் பொதுத் தரம் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் 2 இன்னொன்றின் 3 ஆக இருக்கும். எண்ணைப் பார்க்காமல் நியூட்டன் மீட்டரைக் கேளுங்கள்.) விசையை 6,000-இலிருந்து 7,500 நியூட்டனாக்கினால் நம் மாதிரி கிளட்ச் 340-க்குப் பதில் 425 தாங்கும். 330 தரும் என்ஜினுக்கு கிட்டத்தட்ட 29 சதவீதக் கையிருப்பு. நான் மேலே சொன்ன அளவுக்குள் வந்துவிட்டது.

ஆர்கானிக் தட்டின் பெரிய குணம் மன்னிப்பு. இரண்டு லைனிங்குக்கும் நடுவே அலை அலையாக வளைந்த மெல்லிய எஃகுத் தகடு இருக்கும். கிளட்சை விடும்போது அது மெல்ல நசுங்கி, பிடிப்பு படிப்படியாக ஏறும். அதனால்தான் புது டிரைவர்கூட குலுக்காமல் வண்டியை எடுக்க முடிகிறது. ஒருமுறை சூடாகி வாசனை வந்தாலும், ஆறவிட்டு நிதானமாக ஓட்டினால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பிவிடும்.

விலை காலில். பெடல் சுமார் கால் பங்கு கனக்கும். தினம் ஒரு மணி நேரம் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கிறவருக்கு முதல் இரண்டு வாரம் தெரியும், அப்புறம் கால் பழகிவிடும். சிக்னலில் பெடலை மிதித்தபடியே நிற்காமல் நியூட்ரலுக்குப் போய்விடும் பழக்கம் இதோடு கட்டாயம். த்ரஸ்ட் பேரிங்குக்குச் செய்யும் உபகாரம் அது.

## மூன்று: கெவ்லார்

வலுவான செயற்கை இழையில் செய்த லைனிங். ஒழுங்காகப் பழக்கினால் ஆர்கானிக்கைவிட நீண்ட நாள் வரும், பிடிப்பும் மென்மை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பழக்கும் காலம் நீளம். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் முழு த்ராட்டில் தொடாமல், அடிக்கடி நிறுத்தி எடுத்து ஓட்ட வேண்டும். அதற்குள் ஒருமுறை கடுமையாகச் சூடேற்றிவிட்டால் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளத்துப் போகும். ஆர்கானிக் போல எளிதில் மீளாது.

ஒரே ஆள், பொறுமையாக, நெடுஞ்சாலையில் அதிகம் ஓட்டும் வண்டிக்கு இது பொருந்தும். வீட்டில் மூன்று பேர் எடுக்கும் வண்டிக்கு நான் சொல்லமாட்டேன்.

## நான்கு: செராமிக் பக் தட்டு

என் கதை இங்கேதான். 2,000 ஆர்பிஎம்மில் நழுவத் தொடங்கியதும் ஒரு பட்டறையில் “ஒரே தடவையா ஸ்ட்ராங்கா போட்டுடுங்க, சார்” என்றார்கள். ஆறு பக் செராமிக் தட்டு, கனத்த பிரஷர் பிளேட். நானும் சரி என்றேன்.

பக் என்பது வட்டத்தில் தனித்தனியாக ஒட்டிய கட்டிகள். உராய்வு 0.4 என்று வைத்தால் கம்பெனி அழுத்தத்திலேயே நம் மாதிரிக் கணக்கு 453 நியூட்டன் மீட்டர் காட்டும். சூட்டுக்கு அஞ்சாது. டிராக் ரேஸில் (நேர்கோட்டில் சீறும் போட்டி) ஐந்து லாஞ்ச் (நின்ற இடத்திலிருந்து சீறிக் கிளம்புவது) தொடர்ந்து அடித்தாலும் ஆறாவதுக்குத் தயார். காகிதத்தில் குறையே இல்லை.

ஆனால் அந்த அலைத் தகடு பெரும்பாலான பக் தட்டுகளில் கிடையாது. விடு என்றால் விடும், பிடி என்றால் பிடிக்கும், நடுவில் ஒன்றும் இல்லை. கோவை அவினாசி சாலையில் லட்சுமி மில்ஸ் சிக்னலில் மாலை ஆறரை மணிக்கு, முன்னால் ஒரு மொபெட், பின்னால் பஸ். பெடலை ஒரு விரல்கடை விட்டால் வண்டி முன்னுக்குத் துள்ளும், துள்ளியதும் கால் தானாக மிதிக்கும், உடனே நிற்கும். டாஷ்போர்டு முழுக்கக் கடகடவென்று அதிரும். அப்பா ஒருநாள் வண்டியை எடுத்துக்கொண்டு போய் தெருமுனையிலிருந்தே திரும்பி வந்து சாவியை மேசையில் வைத்தார். “இத என்னால ஓட்ட முடியாதுப்பா” என்றார், அவ்வளவுதான். அதைத்தான் இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அந்த வண்டியில் அவர்தான் எனக்கு ஓட்டவே சொல்லிக்கொடுத்தார்.

ஏழாம் மாதம் இறக்கியபோது தட்டு புத்தம் புதுசு மாதிரி இருந்தது. ஃப்ளைவீல் முகத்தில் விரல் நகம் மாட்டும் அளவுக்கு வட்ட வட்டமாகக் கோடுகள், நடுநடுவே நீலம் பூத்த சூட்டுப் புள்ளிகள். தட்டு தன் தேய்மானத்தை ஃப்ளைவீலுக்குக் கொடுத்திருந்தது. செராமிக்கின் மறைமுகச் செலவு அங்கேதான் இருக்கிறது.

யாருக்குச் சரி? லாஞ்ச் அடிக்கும் டிராக் வண்டிக்கு. ட்ரெய்லரில் வந்து ட்ரெய்லரில் போகும் வண்டிக்கு. ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ ட்ராக் டே (சர்க்யூட்டில் ஓட்டும் நாள்) போகிறேன், அதனால் செராமிக் வேண்டும் என்று நினைப்பவர்கள் நிறைய. சர்க்யூட்டில் வண்டி ஒருமுறை கிளம்பிய பிறகு கிளட்சுக்கு வேலை கியர் மாற்றும் அந்த ஒரு கணம் மட்டும்தான். அதைக் கொல்வது நின்ற இடத்திலிருந்து சீறிக் கிளம்புவது. சர்க்யூட்டுக்கு இரண்டாவது வழியே போதும்.

## ஐந்து: ட்வின் பிளேட்

இரண்டு தட்டு, நான்கு முகம். ஆர்கானிக்கிலேயே, அதே 6,000 நியூட்டன் அழுத்தத்தில், 680 நியூட்டன் மீட்டர். பெடலைக் கனக்க வைக்காமல் திறனை இரட்டிப்பாக்கும் அழகான வழி. ஆனால் விலை பல மடங்கு. பெடலை மிதித்தால் நடுத் தட்டு கலகலக்கும். கியர்பாக்ஸும் அந்த அளவுக்கு இருந்தால்தான் அர்த்தம். என்ஜின் 500 நியூட்டன் மீட்டரைத் தாண்டாதவரை இந்தப் பக்கமே வர வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | மாதிரி கிளட்சின் திறன் (நியூட்டன் மீட்டர்) | பெடல் | டிராஃபிக்கில் | சூடு பட்டால் | யாருக்கு |
|---|---|---|---|---|---|
| கம்பெனி + குறைத்த ட்யூன் | 340 | பழையதே | சுகம் | மீளும் | தினசரி நகர ஓட்டம் |
| அண்ணன் வண்டி கிளட்ச் | வண்டிக்கு வண்டி மாறும் | சற்றுக் கூடலாம் | நன்று | மீளும் | பொருந்தும் பார்ட் நம்பர் கையில் உள்ளவர் |
| கூடிய அழுத்தம், ஆர்கானிக் | 425 | கால் பங்கு கனம் | பழகிவிடும் | மீளும் | ரீமேப் டீசல், மலை, சர்க்யூட் |
| கெவ்லார் | பிரஷர் பிளேட்டைப் பொறுத்தது | பிரஷர் பிளேட்டைப் பொறுத்தது | மென்மை | எளிதில் மீளாது | ஒரே டிரைவர், நெடுஞ்சாலை |
| செராமிக் பக் | 453-லிருந்து | பெரும்பாலும் கனம் | கஷ்டம் | அஞ்சாது | லாஞ்ச், டிராக் போட்டி |
| ட்வின் பிளேட் | 680 | கூடாமலே முடியும் | செட்டுக்குச் செட் மாறும் | தட்டின் பொருளைப் பொறுத்தது | 500-ஐத் தாண்டும் என்ஜின் |

## ஃப்ளைவீல் என்ற இன்னொரு பில்

பெரும்பாலான டர்போ டீசல்களில் டூயல் மாஸ் ஃப்ளைவீல்தான். உள்ளே ஸ்பிரிங் வைத்து என்ஜினின் துடிப்பை விழுங்கிக்கொள்ளும். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போது அதன் ஆட்டத்தைக் கையால் சுற்றியும் அசைத்தும் பார்க்கச் சொல்லுங்கள். வரம்பு மீறியிருந்தால் அப்போதே மாற்றுவதுதான் மலிவு.

பல கிட்கள் அதற்குப் பதில் ஒற்றைத் திட ஃப்ளைவீலோடு வரும். விலை குறைவு, கெட்டுப்போக ஒன்றும் இல்லை. ஆனால் டீசலின் துடிப்பு நேராக கியர்பாக்ஸுக்குப் போகும். ஐடிலில் கடகட சத்தம் வரும், கிளட்சை மிதித்தால் நிற்கும். இதைப் போடுவதாக இருந்தால் தட்டின் நடுவில் ஸ்பிரிங் இருந்தே ஆக வேண்டும். ஸ்பிரிங் இல்லாத நடுவோடு திட ஃப்ளைவீல் சேர்ந்தால் அடி முழுக்க கியர் பற்களுக்குத்தான். எடை குறைத்த ஃப்ளைவீல் என்று ஆசை காட்டுவார்கள். பெட்ரோல் சர்க்யூட் வண்டிக்குச் சரி. டீசலில் சிக்னலுக்குச் சிக்னல் ஆஃப் ஆகும்.

## பில்லில் முதலில் தெரியாதவை

வெளிநாட்டு கிட்டின் இணைய விலையோடு கூரியர், சுங்க வரி, ஜிஎஸ்டி சேர்த்துக்கொள்ளுங்கள். கூலி எந்த கிளட்சுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதுதான் வேலை. அதனால் இறக்கியதும் ரிலீஸ் பேரிங், கிராங்க் பின் சீல், ஃப்ளைவீல் போல்ட், கியர் ஆயில் எல்லாம் புதிதாகப் போட்டுவிடுங்கள். ஃப்ளைவீல் போல்ட் பல வண்டிகளில் ஒருமுறை இறுக்கவென்றே செய்தவை, கோணம் அளந்து இறுக்க வேண்டியவை. பழையதையே திரும்பப் போடுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். தேய்மானத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் பிரஷர் பிளேட் என்றால் அதற்கான டூல் பட்டறையில் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். இல்லாமல் போல்ட்டை மட்டும் இறுக்கினால் புது கிளட்சே தப்பான அமைப்பில் உட்காரும்.

செராமிக்கை எடுத்த பிறகு நான் போட்டது இரண்டாவது வழி. 310-இல் டார்க்கைக் கட்டிய ட்யூன், புது டூயல் மாஸ் ஃப்ளைவீல், கூடிய அழுத்தம், ஆர்கானிக் தட்டு. முதல் 800 கிலோமீட்டர் ஊருக்குள்ளேயே, பாதி த்ராட்டிலுக்கு மேல் போகாமல் ஓட்டினேன். அதன் பிறகு வால்பாறை. அட்டகட்டிக்கு மேலே ஒரு லாரிக்குப் பின்னால் முதல் கியரில் நாலைந்து முறை நின்று எடுத்தும் வாசனை வரவில்லை. இறங்கும்போது வண்டியை ஓட்டியது அப்பா.